தராசில் ஏறிய பக்கைக் கோழி

அமெரிக்காவில் ஒஹாயோ என்று ஒரு மாநிலம். அங்கே வாரன் என்ற ஊர்ப் பக்கம் குளிர்காலம் வந்தால் கோழிக்கு வைத்த தண்ணீர் கிண்ணத்திலேயே கட்டியாக உறைந்துவிடும். கோழிக்கு உடம்பெல்லாம் இறகு, குளிரைத் தாங்கிக்கொள்ளும். கொண்டைக்கு என்ன இருக்கிறது? வெறும் தோலும் ரத்தம் ஓடுகிற மெல்லிய சதையும்தான். பெரிய கொண்டை வைத்த சேவலுக்கு அதுவே வினை. கொண்டையின் நுனி உறையும், கறுக்கும், சில நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். வலியெடுத்த சேவல் தீவனத்தை விட்டு மூலையில் ஒடுங்கிப்போகும்.

1890-களில் அந்த வட்டாரத்தில் நெட்டி மெட்காஃப் என்றொரு பெண்மணி கோழி வளர்த்தார். குளிருக்கு அஞ்சக் கூடாது, கறியும் தேற வேண்டும், பனிக்காலத்திலும் முட்டையிட வேண்டும். இப்படி ஒரு கோழி அவருக்குத் தேவைப்பட்டது. அப்படிப்பட்டது கிடைக்கவில்லை என்றால் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதானே! வரிவரியாகக் கோடு போட்ட பிளைமவுத் ராக் பெட்டைகளோடு, பொன்னிறமான கொச்சின் சேவல் ஒன்றைச் சேர்த்தார். பெயரைப் பார்த்து நம் பக்கத்துக் கொச்சி என்று நினைத்துவிடாதீர்கள். அது சீனாவிலிருந்து போன இனம். கால்விரல் வரை இறகு மூடிய குண்டுக்கோழி.

குஞ்சுகள் பெரிதாகத்தான் வளர்ந்தன. ஆனால் சுத்தச் சோம்பேறிகள். பெரிய உடம்பு வந்தது, துடிப்பு வரவில்லை.

மெட்காஃப் விடவில்லை. அடுத்ததாகக் கறுத்த மார்பும் சிவந்த முதுகுமாக ஒரு சண்டைச் சேவலைக் கொண்டுவந்து அந்தக் கலப்புப் பெட்டைகளோடு விட்டார். சண்டைக்கோழி என்றால் உடம்பு இறுகியிருக்கும், ஓரிடத்தில் நிற்காது. இந்தக் கலப்பில் சில குஞ்சுகள் செக்கச்செவேலென்று பிறந்தன. அவற்றையே பொறுக்கினார், அவற்றின் பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் மறுபடி பொறுக்கினார். 1902-இல் கிளீவ்லாந்து நகரத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். 1904-இல் அமெரிக்கக் கோழிவளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனம் என்று ஏற்றுக்கொண்டது. அந்த இனத்தின் பெயர் பக்கை. அது ஒஹாயோவில் வளரும் ஒரு மரத்தின் பெயர். அந்த மரத்துக் கொட்டையின் பளபளப்பான கருஞ்சிவப்பு நிறம்தான் கோழிக்கும். அமெரிக்கக் கோழி இனங்களில் ஒரு பெண் தனியாக உருவாக்கிய இனம் என்று பெயர் பெற்றது இது ஒன்றுதான்.

பக்கையைக் கையில் பிடித்துப் பார்த்தால் மூன்று விஷயம் கண்ணில் படும். முதுகு இறகை விரலால் விலக்கினால், மேலே கருஞ்சிவப்பு. அடியில் தோலை ஒட்டிய பஞ்சு இறகில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. இரண்டாவது, கொண்டை. ரம்பம் போல நிமிர்ந்து நிற்காது. தலையோடு ஒட்டி, மூன்று வரிசைச் சிறு மணிகளாக இருக்கும். இதற்குப் பட்டாணிக் கொண்டை என்று பெயர். குட்டையாக இருப்பதால் பனியில் எளிதில் உறையாது. மூன்றாவது, மஞ்சள் கால்.

அந்த மஞ்சள் காலுக்கும் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் முக்கிய மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. அதற்குத் தோல் மஞ்சள் இல்லை. பிறகு மஞ்சள் எங்கிருந்து வந்தது? 2008-இல் சுவீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அது தென்னிந்தியக் காடுகளின் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால் விடியலில் அதன் கூவலைக் கேட்கலாம். எப்போதோ அது வீட்டுக்கோழியோடு கலந்திருக்கிறது. ஒஹாயோவின் பனியில் நடக்கும் கோழியின் காலில் நம் மலைக்காட்டின் மஞ்சள்!

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் இல்லை. மெட்காஃப் தன் கோழியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோன அதே 1902-இல், இங்கிலாந்தில் வில்லியம் பேட்சன் என்ற அறிஞர் கோழிக் கொண்டைகளை வைத்து ஓர் உண்மையை நிறுவினார். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட மரபு விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதுதான் அது. விதி தெரிவதற்கு முன்பே மெட்காஃப் காரியத்தை முடித்துவிட்டார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கோழி வளர்த்தவர்கள் எல்லோருமே அப்படித்தான்: நல்லதை வைத்துக்கொள், மற்றதைக் குழம்புக்கு அனுப்பு. இதைத்தான் தெரிந்தெடுத்து இனம் பெருக்குதல் என்கிறோம்.

நல்லது என்றால் எது நல்லது? அங்கேதான் சிக்கல்.

1940-களின் இறுதியில் அமெரிக்காவில் ‘நாளைய கோழி’ என்று ஒரு போட்டி நடந்தது. மார்பில் நிறையக் கறி, சீக்கிர வளர்ச்சி, குறைந்த தீவனம். இவைதான் போட்டியில் மதிப்பெண்ணுக்கு உரியவை. 1948-லும் 1951-லும் கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரெஸ் வென்றார். அவருடைய கோழியில் பாதி ரத்தம் கார்னிஷ் இனம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், இந்தியாவிலிருந்து கொண்டுபோன அசில் சேவல்களை உள்ளூர்ச் சண்டைக்கோழிகளோடு கலந்து உண்டாக்கியது அது. அகன்ற மார்பு, குட்டைக் கால். அதற்கு முதலில் இட்ட பெயரே இந்தியன் கேம். இன்று கறிக்கடையில் தொங்கும் வெள்ளை பிராய்லரின் வம்சத்திலும் அந்தக் கார்னிஷ் இருக்கிறது. சண்டைக்கு வளர்த்த அசிலின் மார்புதான் பிராய்லரின் மார்பாக ஊதியது.

எவ்வளவு ஊதியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டுக் கோழி வம்சத்தை அப்படியே, மாற்றம் செய்யாமல், தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். 1978-இன் வம்சம் ஒன்றும் அப்படியே இருந்தது. இவற்றோடு 2005-ஆம் ஆண்டு பிராய்லரையும் சேர்த்து மூன்றையும் ஒரே தீவனம், ஒரே கவனிப்பில் வளர்த்தார்கள். 56-ஆம் நாள் எடை: 1957 கோழி 905 கிராம், 1978 கோழி 1,808 கிராம், 2005 கோழி 4,202 கிராம். ஊசி போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள் அல்லவா? இங்கே மூன்றுக்கும் தீவனம் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க மரபணுவில், அதாவது, தெரிந்தெடுத்ததில்.

இப்படி ஒரு கோழி வந்த பிறகு, 16 வாரம் காத்திருந்தால்தான் கறி தேறும் பக்கையை யார் வளர்ப்பார்கள்? பண்ணைகள் அதைக் கைவிட்டன. மிஞ்சியவை ஆசைக்கு வளர்ப்பவர்களிடமும் கண்காட்சிக்கு வளர்ப்பவர்களிடமும்தான். கண்காட்சியில் நடுவர் எதைப் பார்ப்பார்? நிறத்தை, கொண்டையை, முதுகின் அந்தச் சாம்பல் பட்டையை. வளர்த்தவர்களும் அதையே பார்த்துப் பொறுக்கினார்கள். நிறம் அழகாக நின்றது. எடையோ சத்தமில்லாமல் குறைந்தது. இனத்தின் அளவுகோல்படி சேவல் ஏறத்தாழ 4 கிலோவும் பெட்டை 3 கிலோவும் வர வேண்டும். பல கூட்டங்கள் அந்த எடைக்குப் பக்கத்திலேயே வரவில்லை.

யாரும் கெடுதல் செய்யவில்லை. ஒரு குணத்தைக் கவனித்துப் பொறுக்காவிட்டால் அது இருந்த இடத்திலேயே நிற்கும் என்று சொல்ல முடியாது. கனமான கோழியும் இலேசான கோழியும் சமமாகக் குஞ்சு விட்டால், தலைமுறை போகப்போக அந்தக் குணம் சறுக்க ஆரம்பித்துவிடலாம். என்னைக் கேட்டால் இந்தக் கதையில் முக்கியமான அறிவியலே இதுதான்.

வட கரோலினா மாநிலத்தின் பிட்ஸ்பரோவில், அருகிவரும் கால்நடை இனங்களைக் காப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. 1977-இல் தொடங்கியது, இப்போது அதன் பெயர் லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி. பக்கை அவர்களுடைய பட்டியலில் ‘மிக ஆபத்து’ என்ற வரிசையில் இருந்தது. 2005 வாக்கில் அவர்கள் பக்கையை மீட்க இறங்கினார்கள். புதிதாக எந்த இனத்தையும் கலக்கவில்லை. பெரிய கருவி எதுவும் வாங்கவில்லை. தராசு, காலில் மாட்ட எண் போட்ட வளையம், ஒரு நோட்டுப் புத்தகம், பிறகு இரண்டு கை. அவ்வளவுதான்.

முதல் விதி, குஞ்சு பொரித்த அன்று எதையும் முடிவு செய்யக் கூடாது. பெரிய குஞ்சாகப் பார்த்து எடுத்தால் ஏமாந்து போவோம். ஒரு நாள் குஞ்சின் எடை அது இருந்த முட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. பெரிய முட்டையில் பெரிய குஞ்சு, அதற்கு மேல் அதில் ரகசியம் ஒன்றுமில்லை. எனவே எட்டாவது வாரம் ஒருமுறை, பதினாறாவது வாரம் ஒருமுறை எடை போடுவார்கள்.

எடை போட்ட பிறகு கைவேலை. நீங்களும் செய்து பார்க்கலாம், கோழியை நெஞ்சோடு அணைத்து, இறக்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டால் அது அமைதியாகிவிடும். முதலில் தலை: இரண்டு கண்ணுக்கும் மேலே மண்டை அகலமாக இருக்கிறதா என்று விரலால் பார்ப்பார்கள். குறுகிய தலை உள்ள கோழியின் உடம்பும் குறுகியே வளரும் என்பது கோழி வளர்ப்பவர்களின் அனுபவம். பிறகு உள்ளங்கையை முதுகில் தட்டையாக வைப்பார்கள். தோளிலிருந்து வால் வரை அகலம் குறையாமல் போக வேண்டும். பின்னால் கூம்பினால் அது தேறாது. அடுத்து, இறக்கைக்குப் பின்னால் இரண்டு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடிப்பார்கள். இதயமும் நுரையீரலும் அங்கேதான் இருக்கின்றன, அந்த அறை விசாலமாக இருக்க வேண்டும். கடைசியாக, நெஞ்சின் நடுவே ஓடும் எலும்பு. அதை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போனால் நேராக, நீளமாக இருக்க வேண்டும். நெளிந்திருந்தால் அந்தக் கோழி இனத்துக்கு ஆகாது. அதன் இருபுறமும் சதை நிரம்பியிருந்தால் எலும்பு விரலைக் குத்தாது.

பெட்டைக்குத் தனிச் சோதனை. வாலுக்குக் கீழே, முட்டை வெளிவரும் வழியின் இரு பக்கமும் இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் தட்டுப்படும். முட்டையிடும் கோழியில் அவை விலகியிருக்கும்; இடையில் இரண்டு மூன்று விரல் நுழையும். முட்டையிடாத கோழியில் நெருங்கி நிற்கும். இதை ஒழுங்கான முறையாக எழுதி வைத்தவர் வால்டர் ஹோகன் என்ற அமெரிக்கர், ஒரு நூற்றாண்டுக்கு முன்பு. தராசு காட்டாததை விரல் காட்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கனமான அப்பா, கனமான அம்மா; பிள்ளையும் அதே கனமாக இருக்குமா? இருக்காது!

எளிதாக இருக்கட்டும் என்று ஒரு பண்ணையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே 16 வாரத்தில் சேவல்களின் சராசரி எடை 2,000 கிராம். அதில் சராசரியாக 2,400 கிராம் வருகிற சில சேவல்களை மட்டும் பொறுக்குகிறீர்கள். பெட்டைகளிலும் அதேபோல், பெட்டைகளின் சராசரியைவிட 400 கிராம் கூடுதலானவற்றை எடுக்கிறீர்கள். அவற்றின் மகன்கள் 2,400 கிராம் வருவதில்லை. ஏனென்றால் அப்பாக்களின் அந்த 400 கிராம் முழுவதும் மரபணு தந்ததல்ல. ஒரு சேவல் தீவனத் தொட்டிக்கு முதலில் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னொன்றுக்குக் குஞ்சுப் பருவத்தில் நோய் வராமல் இருந்திருக்கும். அந்த அதிர்ஷ்டம் பிள்ளைக்குப் போகாது. கோழிகளின் உடல் எடை வித்தியாசத்தில் பத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு வரை மரபில் இறங்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நான்கு என்று வைப்போம்: 400-இல் பத்தில் நான்கு பங்கு 160. மகன்களின் சராசரி 2,160 கிராம். அடுத்த ஆண்டு மறுபடி பொறுக்கினால் இன்னும் கொஞ்சம். பொறுமை இருந்தால் ஐந்தாறு ஆண்டில் கூட்டமே வேறாகிவிடும்.

பக்கையிலும் இதுதான் நடந்தது. சில தலைமுறைகளிலேயே எடை ஏறியது. வளர்ப்பவர்களும் கூடினார்கள். ‘மிக ஆபத்து’ என்ற வரிசையிலிருந்து பக்கை இறங்கிவிட்டது.

எடையை ஏற்றுவது இவ்வளவு எளிதா என்றால், ஆமாம், எளிதுதான். எளிதாக இருப்பதால்தான் ஆபத்தும். இதை விளக்க வெர்ஜீனியா மாநிலத்துக்குப் போக வேண்டும்.

அங்கே வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பால் சீகல் என்ற விஞ்ஞானி 1957-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒரே வெள்ளைப் பிளைமவுத் ராக் கூட்டத்தை எடுத்துக்கொண்டார். 56-ஆம் நாள் எல்லாவற்றையும் எடை போட்டார். கனமானவற்றை ஒரு வம்சமாகவும் இலேசானவற்றை இன்னொரு வம்சமாகவும் பிரித்தார். ஒவ்வொரு ஆண்டும் கனமான வம்சத்தில் கனமானதையும், இலேசான வம்சத்தில் இலேசானதையும் மட்டும் பெற்றோராக்கினார். வேறு எதையும் பார்க்கவில்லை. நாற்பது தலைமுறைக்குப் பிறகு இரண்டு வம்சத்துக்கும் 56-ஆம் நாள் எடையில் எட்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஒரு தாத்தா வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

சீகல் எடையை மட்டும்தான் பொறுக்கினார். மாறியதோ எடை மட்டும் அல்ல. கனமான வம்சம் நிறுத்தாமல் தின்றது. அளந்து வைக்காவிட்டால் கொழுத்துப்போய்க் குஞ்சு விடவே தடுமாறியது. இலேசான வம்சத்தில் சில குஞ்சுகள் முன்னால் தீவனம் இருந்தும் கொத்தாமலே செத்தன. சில பெட்டைகள் முட்டையிடும் பருவத்தையே எட்டவில்லை. பசி, நிறைவு, கொழுப்பு, முட்டை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு நூலை இழுத்தால் மற்றதும் கூடவே வருகிறது.

அதே சீகல் இன்னொரு சோதனையும் செய்தார். இந்த முறை எடையைப் பார்க்கவே இல்லை. உடம்பில் அந்நியப் பொருள் நுழைந்தால் எதிர்த்துப் போராட ரத்தத்தில் ‘எதிர்ப்பொருள்’ உண்டாகும் அல்லவா? அது அதிகம் உண்டாகும் கோழிகளை ஒரு பக்கமும், குறைவாக உண்டாகும் கோழிகளை மறுபக்கமும் பொறுக்கிக்கொண்டே போனார். தலைமுறைகள் கழித்துப் பார்த்தால், எதிர்ப்பொருள் குறைந்த வம்சம் கனமாக இருந்தது. நிறைய உண்டாக்கும் வம்சம் இலேசாக இருந்தது. சாப்பிட்ட தீவனத்தை உடம்பு சதையாக்கலாம், அல்லது காவலுக்குச் செலவழிக்கலாம். இரண்டுக்கும் தாராளமாகக் கொடுக்க அதனிடம் கையிருப்பு இல்லை.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கூட்டத்திலேயே ஆகப் பெரிய சேவலை எடுப்பதில்லை. இனத்தின் அளவுகோல் சொல்லும் எடையை ஒட்டியதாக, சுறுசுறுப்பானதாகப் பார்த்து எடுப்பார்கள். அளவுக்கு மீறிய கனம் என்றால் சேவலுக்குப் பெட்டையோடு இணைவதே கஷ்டம். பெட்டையின் முதுகுத் தோலும் கிழியும்.

சரி, வீரியம் என்கிறோமே, அதை எப்படிப் பொறுக்குவது? தராசில் நிற்காதே அது. முட்டை நன்றாகப் பொரிவது, பிறந்த குஞ்சு பிழைப்பது, நோயிலிருந்து எழுவது, பல ஆண்டு முட்டையிடுவது எல்லாம் சேர்ந்ததுதான் வீரியம். இதில் பிடி கிடைக்காத சங்கதி ஒன்று உண்டு. எடை பத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு மரபில் இறங்குகிறது என்றேன். முட்டை பொரியும் தன்மை போன்றவை பத்தில் ஒரு பங்கைச் சுற்றியே இறங்குகின்றன. எனவே ஒரு கோழியை மட்டும் பார்த்துப் பொறுக்கினால் பெரிய பலன் கிடைக்காது. குடும்பத்தையே பார்க்க வேண்டும். இந்தப் பெட்டையின் முட்டைகளில் எத்தனை பொரிந்தன, அதன் அக்கா தங்கைகளின் குஞ்சுகளில் எத்தனை எட்டு வாரம் தாண்டின என்று நோட்டுப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

வீரியத்துக்கு முதல் எதிரி நெருங்கிய உறவுக் கலப்பு. கோழிக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி: அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. ஒரே பாடத்துக்கு இரண்டு நோட்டு வைத்திருப்பது போல. ஒன்றில் பக்கம் கிழிந்திருந்தாலும் இன்னொன்றைப் பார்த்துப் படித்துவிடலாம். அண்ணன் சேவலும் தங்கைப் பெட்டையும் சேர்ந்தால், நான்கு மரபணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் குஞ்சுக்கு ஒரே நோட்டின் இரண்டு நகல் வந்து சேரும். கிழிந்த பக்கம் இரண்டிலும் கிழிந்தே இருக்கும். முட்டை பொரிவது குறையும், பொரிந்ததும் நலியும். ஊரில் ஒரே ஒரு சேவலை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டினால் கோழிகள் சிறுத்துப்போவது இதனால்தான்.

அதற்கு வழி இருக்கிறது. கூட்டத்தை மூன்று குடும்பமாகப் பிரித்து, கால் வளையத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் கொடுப்பார்கள். மகள்கள் பிறந்த குடும்பத்திலேயே தங்கிவிடும். மகன்கள் மட்டும் ஆண்டுதோறும் அடுத்த குடும்பத்துக்குப் போகும்: சிவப்புச் சேவல் பச்சைக்கு, பச்சைச் சேவல் நீலத்துக்கு, நீலச் சேவல் சிவப்புக்கு. வெளியிலிருந்து ஒரு கோழிகூட வாங்காமல், உடன்பிறப்புகள் சேராமல், பல ஆண்டுகள் ஓட்டலாம். ஒரு சேவல் பத்துப் பெட்டைக்கு என்பது வழக்கம் ஆகையால் குடும்பத்துக்கு ஒரு சேவல் இருந்தாலே போதும் என்று தோன்றும். இரண்டு மூன்று வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று போய்விட்டால் வம்சமே போய்விடக் கூடாது அல்லவா?

வீரியத்தைக் காக்க இரண்டாவது வழி கேட்பதற்குக் கொஞ்சம் கல்நெஞ்சமாகப் படும். 21-ஆம் நாள் ஓட்டை உடைக்க முடியாமல் தவிக்கும் குஞ்சை நீங்கள் உடைத்துக் காப்பாற்றலாம், வளர்க்கலாம், பெயர் வைக்கலாம். ஆனால் அதற்குப் பிள்ளைகள் வேண்டாம். அலகு கோணியது, விரல் மடங்கியது எதற்கும் இதே விதிதான். வயதான பெட்டைக்கோ எதிர் விதி: மூன்று நான்கு வயதாகியும் முட்டையிடுகிற கோழியைக் குழம்புக்கு அனுப்பாமல் அதன் முட்டையை அடைவைக்க வேண்டும். நோய், மழை, குளிர் எல்லாவற்றையும் அது தாங்கி நின்றதே அதற்கான சான்றிதழ். இளம் கோழியிடம் இந்தச் சான்றிதழ் இருக்க முடியாது.

குணமும் பொறுக்க வேண்டிய ஒன்று என்பதை 1990-களில் பர்டூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மியூர் காட்டினார். ஒரு கூண்டில் பல பெட்டைகள் இருக்கும்போது அதிகம் முட்டையிடும் ஒரு கோழி சில சமயம் மற்றவற்றைக் கொத்தித் துரத்தித்தான் முன்னுக்கு வந்திருக்கும். அதைப் பொறுக்கினால் அடுத்த தலைமுறை முழுக்கச் சண்டைக்காரிகள். மியூர் தனிக் கோழியை விட்டுவிட்டுக் கூண்டைப் பொறுக்கினார். எந்தக் கூண்டில் எல்லாக் கோழிகளும் சேர்ந்து நிறைய முட்டையிட்டனவோ, அந்தக் கூண்டு முழுவதும் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர். சில தலைமுறைகளில் கொத்துப்பட்டுச் சாவது மளமளவென்று குறைந்தது, முட்டையும் ஏறியது. வகுப்பில் முதல் மாணவரை மட்டும் பாராட்டும் வாத்தியார்கள் இந்தச் சோதனையைப் படித்தால் நல்லது!

மெட்காஃபின் பக்கைக்கு இந்த விஷயத்தில் நல்ல பெயர். மனிதரிடம் அடங்கிப் பழகும். எலியைக் கண்டால் மட்டும் பூனை மாதிரி பாயும். குண்டுக் கொச்சினின் உடம்பையும் சண்டைச் சேவலின் துடிப்பையும் ஒன்றாக வைத்திருப்பது இன்றும் அதன் பெருமை. ஆண்டுதோறும் யாராவது பொறுக்குகிற வரைக்கும்தான் அந்தப் பெருமையும்.

உங்கள் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ அடைகோழி குஞ்சு பொரித்தால் ஒரு வேலை செய்யுங்கள். குஞ்சுகளின் காலில் வெவ்வேறு நிற நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். கால் பருக்கப் பருக்க வாரம் ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிப் புண்ணாகும். 56-ஆம் நாளும் 112-ஆம் நாளும், காலையில் தீவனம் வைக்கும் முன், ஒரு பையில் இட்டுச் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். பையின் எடையைக் கழிக்க வேண்டும். பொரித்த முட்டை எத்தனை, பொரியாதது எத்தனை, 112-ஆம் நாள் மிஞ்சியது எத்தனை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சேவல் எடையையும் பெட்டை எடையையும் தனித்தனி வரிசையில் எழுத மறந்துவிடாதீர்கள். இரண்டையும் கலந்து சராசரி போட்டால் கணக்கு தப்பாகிவிடும்.